கொட்டகைக்குள் பெய்த மழை

நாங்கள் ஐந்து பேரும் செம்மண் தரையில் வெறுங்காலோடு நின்று, உள்ளங்கையை விரித்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பொட்டுத் தண்ணீர் விழவில்லை. மேற்கே கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருந்தது. முந்திரி மரங்களுக்கு மேலே முதல் நட்சத்திரம் வந்துவிட்டது. மேகம் என்ற பேச்சே இல்லை.

ஆனால் எங்கள் முதுகுக்குப் பின்னால், கீற்றுக் கொட்டகைக்குள், மழை கொட்டிக்கொண்டிருந்தது.

என் பக்கத்தில் மச்சான் சவரிமுத்து. என் மனைவி ரோசலினின் அண்ணன். கையில் ஒற்றைச் செருப்பைப் பிடித்திருந்தார். இன்னொன்று எங்கே போனது என்று அவருக்கே தெரியவில்லை.

"மாப்ள, மழை எங்க?" என்றார்.

அந்தச் சாயங்காலத்தை நினைத்தால் முதலில் சிரிப்புதான் வரும். சிரித்து முடிப்பதற்குள் நெஞ்சை அடைத்துக்கொள்ளும். நாங்கள் அங்கே எப்படி வந்து நின்றோம் என்பதைச் சொல்ல, கொஞ்சம் சுற்றி வளைக்க வேண்டும். வாராவாரம் இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்கு என் சுற்றல் பழகிப்போயிருக்கும். புதிதாக வந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

கடைசிப் பிரதி எனக்கு

மரக்காணத்தில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிர்ச் சந்தில் என் ஜெராக்ஸ் கடை. ஆதார் கார்டு, பட்டா, பரீட்சை ஹால் டிக்கெட் எல்லாம் காலையில் வரும். சாயங்காலம் வருவது நோட்டீஸ். கோயில் விழா, நடன அரங்கேற்றம், மாதா கோயில் பங்குத் திருவிழா நாடகம், இடையஞ்சாவடிப் பக்கம் ஏதோ ஒரு தோப்பில் புல்லாங்குழல். எத்தனை பிரதி கேட்டாலும் ஒன்று கூடுதலாக எடுத்து மேசை இழுப்பறையில் போட்டுக்கொள்வேன். மெஷினிலிருந்து சூடாக வரும் தாள்; அதைக் கையில் பிடிக்கும்போதே பாதிக் கச்சேரி கேட்டுவிட்ட மாதிரி இருக்கும்.

இப்படித்தான் நான் ரசிகன் ஆனேன். குருவும் இல்லை, பயிற்சியும் இல்லை. ஓசியில் படித்த நோட்டீஸ்தான் காரணம்.

இரும்பை என்ற ஊரின் சிவன் கோயிலில் நாகஸ்வரம் என்றால் போவேன். சிலுவை போடும் கை அங்கே தொடையில் தாளம் போடும். புதுச்சேரியில் ஓவியக் கண்காட்சி என்றால் பஸ் ஏறிப் போய், ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். என்ன புரிந்தது என்று மட்டும் கேட்கக் கூடாது.

"ஆடவும் தெரியாது, பாடவும் தெரியாது. முத வரிசை மட்டும் வேணும் இவருக்கு," என்பாள் ரோசலின்.

உண்மைதான். ராகம் எனக்குப் பிடிபடாது. பாட்டு தொடங்கிக் கால் மணி நேரத்தில் கண் பாதி மூடிக்கொள்ளும். அது தூக்கம் இல்லை என்று சத்தியம் செய்து சொல்கிறேன். பாடுகிறவர் குரல் தூரத்துக்குப் போகும். உச்சி வெயிலில் உப்பளத்தைப் பார்த்தால் வரப்பும் பாத்தியும் தண்ணீரும் ஒன்றாகி வெள்ளையாக அலையுமே, அந்த மாதிரி எல்லாம் கலந்து நிற்கும். பாத்தியின் மேல் தண்ணீரில் முதல் உப்பு ஆடை போலப் படர்வது தெரியும். அப்புறம் கைதட்டல் கேட்கும். நானும் தட்டுவேன்.

நன்றாக இருந்ததா என்று அப்போதும் எனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் மச்சான் இருந்தார்.

ஒரே ஒரு வாக்கியம்

சவரிமுத்து மச்சான் குத்தகைக்கு உப்பளம் எடுத்துச் செய்பவர். எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. என் வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து எல்லா நிகழ்ச்சிக்கும் வருவார். எனக்கு வலது பக்க நாற்காலி அவருடையது. நடுவில் பேசவே மாட்டார். முடிந்து வெளியே வந்து, டீக்கடையில் முதல் வாய் குடித்த பிறகு, ஒரே ஒரு வாக்கியம் சொல்வார்.

ஒரு நடன அரங்கேற்றத்துக்குப் பிறகு சொன்னார்: "அந்தப் பொண்ணு மூணாவது பாட்டுலதான் நம்மள மறந்துச்சு மாப்ள, அதுக்கப்புறம்தான் ஆடுச்சு."

நாகஸ்வரத்துக்கு: "பெரியவரு நல்லா வாசிச்சாரு, ஆனா வீட்ல என்னமோ கவலை இருக்குது."

பிறகு விசாரித்தால் அது சரியாகவே இருக்கும். அந்த ஒரு வாக்கியம் கிடைத்த பிறகுதான் நான் பார்த்தது எனக்கே விளங்கும். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். மச்சான் சொல்லாத கச்சேரி எனக்கு அப்படித்தான்.

ஆறேழு வருடத்துக்கு முன்னால் அது நின்றுபோனது.

தார்ப்பாய்

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாத்தியில் விளைந்த உப்பை வாரி மேட்டில் அம்பாரமாகக் குவிப்பார்கள். ஈரம் வடிந்து காய்கிறவரை அது வெயிலுக்கும் காற்றுக்கும் திறந்தே கிடக்க வேண்டும். அந்த நாட்களில் கோடை மழை வந்தால் முடிந்தது கதை. அதனால் எங்கள் ஊரில் மழை வாசனை வந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார்கள், நாலு மூலையிலும் தார்ப்பாயை இழுத்துக் கட்ட. ஒரு ஞானஸ்நான விருந்தில், இலையில் பிரியாணி விழுந்த நேரம் பார்த்துத் தூறல் போட்டது. ஒரு பந்தி முழுக்க எச்சில் கையோடு எழுந்து ஓடியதை நான் பார்த்தேன். விருந்து கொடுத்தவரும் ஓடினார். யாரும் யாரையும் தப்பாக நினைக்கவில்லை.

அந்த வருடம் பக்கத்து ஊர்ப் பங்கில் திருவிழா நாடகம். மச்சான் வரமாட்டேன் என்றார், அம்பாரம் ஈரமாக இருக்கிறது என்று. நான்தான் விடவில்லை. "மானம் கண்ணாடி மாதிரி இருக்குது மச்சான், வாங்க," என்று வண்டியில் ஏற்றினேன்.

உப்பு விற்கப் போனால் மழை பெய்கிறது என்ற பழமொழி எங்களுக்காகவே சொன்னது. நாடகம் நடந்த ஊரில் சொட்டு இல்லை. மரக்காணத்தில் மட்டும் ஒரு மணி நேரம் பெய்திருக்கிறது. நாங்கள் திரும்பி வந்தபோது இடுப்பளவு இருந்த அம்பாரம் முழங்காலுக்கு இறங்கியிருந்தது. மச்சான் அதைச் சுற்றி ஒரு முறை நடந்தார்.

"உன் நாடகத்தால போச்சு மாப்ள," என்றார்.

அவ்வளவுதான். சண்டை இல்லை, சத்தம் இல்லை. கிறிஸ்துமஸுக்கு வருவார், கறிக்குழம்பைப் புகழ்வார், என் சர்க்கரை அளவை விசாரிப்பார். நோட்டீஸை நீட்டினால் மட்டும் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுப்பார். என் வலது பக்கம் யார் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தர் பட்டாணி தின்றார். ஒருத்தர் செல்போன் பார்த்தார். நான் வீட்டுக்கு வந்து, பார்த்தது நன்றாக இருந்ததா இல்லையா என்று தெரியாமலே தூங்கினேன். மனசு வலித்தது. வெளியே சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

செலின்

மச்சானுக்கு ஒரே மகள், செலின். அம்மா இல்லாத பெண். பள்ளி ஆண்டு விழாவில் மூன்று தடவை மேடை ஏறிப் பாடியிருக்கிறாள். மூன்று தடவையும் அப்பா உப்பளத்தில் இருந்தார். ரோசலினும் நானும்தான் போய்க் கைதட்டினோம்.

படித்து முடித்து இடையஞ்சாவடியில் ஊதுபத்தி செய்யும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேயே தோழிகளோடு அறை. சாயங்காலங்களில் ஒரு பாட்டுக் குழுவில் போய்ச் சேர்ந்திருக்கிறாள். வெள்ளைக்காரர்களும் நம் ஆட்களும் கலந்து பாடும் குழு. போன சித்திரையில் ஒரு நாள் நேராக என் கடைக்கு வந்தாள். கையில் நோட்டீஸ்.

"மாமா, முப்பது காப்பி. அப்புறம், தனியா ஒரு பாட்டு நான் பாடுறேன்."

"அடி சக்கை!"

"அப்பாவ நீங்கதான் கூட்டிட்டு வரணும். நான் கேட்டா உப்புன்னுவாரு."

நான் அந்தச் சூடான தாளைப் பிடித்தபடி நின்றேன். "என் பேச்சை உங்கப்பா எப்படிக் கேட்பாரும்மா?" என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த ஒரு வாட்டி மாமா. இதுக்கும் வரலன்னா இனிமே நான் கூப்பிடவே மாட்டேன்," என்றாள்.

அன்று மாலையே உப்பளத்துக்குப் போனேன். மச்சான் பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்தார். நோட்டீஸைப் படித்தார். மகள் பெயர் இருந்த இடத்தில் ஈரக் கட்டைவிரல் பதிந்தது. இந்த முறை மடித்துத் திருப்பித் தரவில்லை.

"அம்பாரம் ரெண்டு ஈரமா கிடக்குது மாப்ள."

"தெரியும் மச்சான்."

"மானத்தை நீ பாத்துக்கறியா? நான் பாப்பாவைப் பாக்கணும். ரெண்டையும் பாக்க முடியாது."

"பாத்துக்கறேன்," என்றேன். வாழ்க்கையில் நான் கொடுத்த வாக்குகளில் மிகப் பெரியது அதுதான்.

கண்ணை மூடுங்க

நிகழ்ச்சி அன்று ரோசலினையும் கூட்டிக்கொண்டு, உப்பு ஏற்றும் குட்டி யானை வண்டியில் போனோம். ஓட்டியது கோவிந்தன், மச்சானிடம் பல வருடம் வேலை செய்பவன். பின்னால் முனியம்மா, உப்புக் கூடை சுமப்பவள், செலினைத் தூக்கி வளர்த்தவள். பட்டுப்புடவை கட்டியிருந்தாள். மச்சான் வெள்ளைச் சட்டை. நான் கையிலிருந்த செல்போனில் மழை வருமா என்று பார்ப்பதும், தலையை வெளியே நீட்டி வானத்தைப் பார்ப்பதுமாக வந்தேன்.

முந்திரித் தோப்புக்கு நடுவில் கீற்றுக் கொட்டகை. மரப்பலகைத் தரை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் தைல வாசனை. முதல் வரிசையில் ஐந்து நாற்காலி எங்களுக்கு. என் வலது பக்கத்தில் மச்சான் வந்து உட்கார்ந்தார். நாற்காலி கிறீச்சென்றது. எனக்கு அந்தச் சத்தமே போதும் போல இருந்தது.

முதல் இரண்டு பாட்டும் என்ன மொழி என்று தெரியவில்லை. குரல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிப் படிந்தன. செலின் இரண்டாம் வரிசையில் நீலப் புடவையில் நின்றாள். மச்சான் அவளைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. எனக்குக் கண் பாதி மூடத் தொடங்கியது. வாக்கு ஞாபகம் வந்து திறந்தேன். ஜன்னல் வழியே வானம் சுத்தமாக இருந்தது. மறுபடி மூடியது.

குழுவை நடத்தும் வெள்ளைக்கார அம்மா முன்னால் வந்தார். கைத்தறிப் புடவை, வெட்டி வெட்டிப் பேசும் தமிழ்.

"இப்போ எல்லாரும் கண்ணை மூடுங்க. இது பாட்டு இல்லை. சும்மா கேளுங்க."

மூடினோம்.

முதலில் காற்று வந்தது. முந்திரி இலைகளுக்குள் புகுந்து வருகிற காற்று. எங்கேயோ ஒரு துளி. இன்னொரு துளி. பிறகு இங்கொன்றும் அங்கொன்றும், காய்ந்த கீற்றின் மேல் விழுகிற மாதிரி. எனக்குள்ளே உப்பளம் விரிந்தது. தண்ணீரில் வட்டம் வட்டமாக விழுவது தெரிந்தது. துளிகள் நெருங்கின. தூறல் சடசடவென்று பிடித்துக்கொண்டது.

"தார்ப்பாயி!"

கத்தியது முனியம்மா.

நாற்காலிகள் சரிந்தன. யாரோ என் காலை மிதித்தார்கள். "மாப்ள, எழுந்திரு, மழை!" என்று மச்சான் என் தோளைப் பிடித்து இழுத்தார். கோவிந்தன் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடினான். வானத்தைப் பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்த நான், பாதிக் கனவில், எல்லோரையும் விட வேகமாக ஓடினேன். முக்கால் மணி நேரப் பயணத் தூரத்தில் கிடக்கிற உப்பை, கையை நீட்டினால் மூடிவிடலாம் என்பது போல ஓடினோம்.

வெளியே

அப்படித்தான் அந்தச் செம்மண் தரையில் வந்து நின்றோம்.

ரோசலின்தான் முதலில் திரும்பி ஜன்னல் வழியே பார்த்தாள். "ஐயோ, அவங்கதாங்க பண்றாங்க," என்றாள். இருபது முப்பது பேர் கண்ணை மூடி நின்று, விரலைச் சொடுக்குகிறார்கள், உள்ளங்கையைத் தேய்க்கிறார்கள், தொடையில் தட்டுகிறார்கள். அதுதான் மழை. பிறகு எல்லோரும் பலகைத் தரையில் குதித்தார்கள். அதுதான் இடி.

நாங்கள் காய்ந்த தரையில், நட்சத்திரத்துக்குக் கீழே நின்று அந்த மழையைக் கேட்டோம். எனக்கு அது நிஜமா என்று இன்றும் சந்தேகம் வரும். உள்ளே அடைமழை, வெளியே மண் கூட நனையவில்லை. கோவிந்தன் வாயைப் பொத்திச் சிரித்தான். முனியம்மா பட்டுப்புடவை முந்தானையைத் தலைமேல் போட்டிருந்ததை மெதுவாக எடுத்தாள்.

மழை குறைந்தது. துளிகள் தனித்தனியாயின. நின்றது. அந்த அமைதியில் செலின் பாடத் தொடங்கினாள்.

நாலே நாலு அடிப் பாட்டு. உள்ளே போக எங்களுக்குக் கூச்சம். மச்சான் ஜன்னலுக்குப் பக்கவாட்டில், உள்ளிருந்து தெரியாதபடி ஒட்டி நின்றார். ஒற்றைச் செருப்பு இன்னும் கையில் இருந்தது. உள்ளே முதல் வரிசையில் எங்கள் நாற்காலிகள் சரிந்து கிடந்தன. அவள் அவற்றைப் பார்த்தபடி பாடினாள். இரண்டாவது அடியில் அவள் குரல் இடறியது.

முடிந்ததும் ஓடி வெளியே வந்தாள். அதற்குள் நாங்கள் வண்டிப் பக்கம் ஒதுங்கியிருந்ததைப் பார்த்தாள்.

"கிளம்பிட்டீங்களா? நல்லா இருக்குதுப்பா. எப்பவும் போல உப்பு," என்றாள். கண் சிவந்திருந்தது. பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டாள்.

நான் பின்னால் போகப் பார்த்தேன். மச்சான் கையைப் பிடித்தார்.

"சொல்லாத மாப்ள."

"நீங்க ஜன்னல்கிட்ட நின்னு கேட்டீங்கன்னு சொல்றேன் மச்சான்."

"ஓடினேன் இல்ல? ஓடினது ஓடினதுதான். அதுக்கு மேல என்ன சொல்றது."

வரும் வழியில் டீக்கடையில் நிறுத்தினோம். மச்சான் முதல் வாய் குடித்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். டீ தீர்ந்தது. கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு வண்டியில் ஏறினார். அந்த ஒரு வாக்கியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை

அடுத்த ஞாயிறு பூசைக்கு செலின் வந்தாள். மதியம் எங்கள் வீட்டில்தான் எல்லோருக்கும் சாப்பாடு. அப்பாவுக்கு மீன் துண்டை எடுத்து வைத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. "பிடிக்குதா?" என்று என்னிடம்தான் கேட்டாள். மச்சான் முள்ளை ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணி இருக்கும். கடல் பக்கம் கறுத்தது. காற்றில் அந்த வாசனை. இந்த முறை யாரும் ஏமாறவில்லை; நிஜ மழை. கைகூடக் கழுவாமல் ஓடினோம், செலினும்தான். உப்பளம் நடந்து போகிற தூரம். முனியம்மாவும் கோவிந்தனும் எங்களுக்கு முன்னாலேயே தார்ப்பாயை விரித்துக்கொண்டிருந்தார்கள். முதல் அம்பாரத்தை மூடிக் கட்டினோம். இரண்டாவதற்கு வந்தோம். வடக்கு மூலை எனக்கு. கிழக்கு செலினுக்கு. மேற்கு கோவிந்தனுக்கும் முனியம்மாவுக்கும். தெற்கு மூலை மச்சான் கையில்.

முதல் துளிகள் தார்ப்பாயின் மேல் விழுந்தன. ஒன்று. அப்புறம் ஒன்று.

மச்சான் இழுப்பதை நிறுத்தினார். கயிற்றைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்பா! இழுப்பா!"

"இரு பாப்பா."

"நனையுதுப்பா!"

"நனையட்டும், இரு. கேக்குறேன்."

துளிகள் நெருங்கின. வெள்ளைச் சரிவில் சின்னச் சின்னக் குழிகள் விழுந்தன. மச்சான் தலையை ஒரு பக்கம் சாய்த்து, கச்சேரியில் உட்கார்ந்திருப்பவர் போல நின்றார். நெற்றியில் தண்ணீர் வழிந்தது. பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சொன்னார்:

"அன்னிக்கு இவங்க பெஞ்சது இதேதான் மாப்ள, ஒரு தூறல் கூட மாறல."

ஆறேழு வருடம் கழித்து வந்த வாக்கியம்.

எப்போதும் ஒன்றோடு நிறுத்துகிறவர், அன்று நிறுத்தவில்லை. மகள் பக்கம் திரும்பினார்.

"மழை விட்டதும் நீ பாடினியே. ரெண்டாவது அடியில கொரலு இடறுச்சு. அப்பவே உள்ள வந்துடலாம்னு பாத்தேன் பாப்பா. வெக்கமா போச்சு."

செலின் அப்படியே நின்றாள். "நீ கேட்டியா?"

"ஜன்னல்கிட்ட. நாலு அடியும்."

அவள் கையிலிருந்த கயிறும் நழுவியது. அப்பாவிடம் போய் அவர் ஈரச் சட்டையில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள்.

"ஐயே, அப்பனும் பொண்ணும் அப்புறமா பேசுங்கம்மா, உப்பு போவுது!" என்று முனியம்மா கத்தினாள்.

ஓடிப் பிடித்தோம். இழுத்தோம். கட்டினோம். ஆனாலும் தெற்கு மூலை பெருமளவு கரைந்து பாத்தியோடு போய்விட்டது.

மழை விட்டதும் மச்சான் அம்பாரத்தைச் சுற்றி ஒரு முறை நடந்தார். நான் தலையைக் குனிந்து, மறுபடி அந்த 'உன்னால போச்சு மாப்ள' என்ற பேச்சுக்குத் தயாராக நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் போய், அவிழ்ந்த கயிற்றை இறுக்கிக் கட்டினார். அந்தத் தெற்கு மூலைக்காக இன்றுவரை அவர் யாரையும் குறை சொன்னதில்லை.